படத்தைப் பார்க்க ஓர் ஆள்

எஸ்.பி.எம். ரிசல்ட் வந்த வாரத்தில் நம் வீடுகளில் கேட்கப்படும் கேள்விகள் எல்லோருக்கும் மனப்பாடம். எத்தனை ஏ? மெட்ரிக்கில் இடம் கிடைக்குமா? கிடைக்காவிட்டால் ஃபவுண்டேஷனா, ஆறாம் படிவமா? ஃபார்மசியா, அக்கவுண்டிங்கா? இதற்கெல்லாம் பதில் வைத்திருக்கிற பிள்ளையைச் சுற்றி ஊரே வந்து உட்கார்ந்துகொள்ளும். யாரோ ஒரு மாமாவுக்கு யூனிவர்சிட்டியில் தெரிந்த ஆள் இருப்பார். யாரோ ஓர் அத்தை தன் மகன் படித்த புத்தகங்களைப் பெட்டியோடு தூக்கிக்கொண்டு வருவார். "ஓவியம் படிக்கப் போறேன்" என்று ஒரு பிள்ளை சொன்னால் மட்டும் கூடம் அமைதியாகிவிடும். கோபம்கூட இல்லை. அடுத்து என்ன கேட்பது என்று யாருக்கும் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

என் அக்கா மகள் அப்படிச் சொன்னாள். வீட்டில் அவளை இன்னும் பாப்பா என்றுதான் கூப்பிடுகிறோம், பதினேழு வயதில் அவளுக்கு அது பிடிக்கவில்லை என்று தெரிந்தும். பங்சார் லக்கி கார்டனில் தாத்தா எழுபதுகளில் வாங்கிப்போட்ட இரட்டை மாடி வீட்டில் இருக்கிறார்கள். பங்சார் என்றதும் சொந்தக்காரர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள். "உங்களுக்கென்னா, பங்சாரு" என்பார்கள். வீடு பங்சாரில் இருந்தாலும் சம்பளம் பங்சாரில் இல்லை. மாமா மின்வாரியத்தில் டெக்னீஷியன். அக்கா ஒரு லாரி கம்பெனியில் கணக்கு எழுதுகிறாள். மொத்தக் குடும்பத்திலும் 'டிசைன்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் இருக்கிற ஆள் நான் ஒருத்திதான். பெட்டாலிங் ஜெயாவில் விளம்பர ஸ்டூடியோ ஒன்றில் ஃபைனல் ஆர்ட்வொர்க் செய்கிறேன். அதாவது, மற்றவர்கள் வடிவமைத்ததை அச்சுக்குப் போகும் முன் ப்ளீட் சரியா, கட்டிங் மார்க் சரியா, சிவப்பு சிவப்பாகவே வருமா என்று பார்க்கிற வேலை. கலைஞர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனாலும் காலேஜ் தேடுகிற பொறுப்பு என் தலையில் விழுந்தது.

முதலில் அவள் என்ன வரைகிறாள் என்று சொல்ல வேண்டும். கூடத்தில் சட்டம் போட்டு ஒரு படம் தொங்குகிறது. மூன்றாம் படிவத்தில் பென்சிலால் வரைந்த ஒரு நடிகர் முகம். ஃபோனில் இருந்த படத்தின்மேல் கட்டம் போட்டு, கட்டம் கட்டமாகப் பெயர்த்து வரைந்தது. வருகிறவர்கள் எல்லோரும் அதைத்தான் பார்த்து "அப்படியே இருக்கு" என்று வாயைப் பிளப்பார்கள். பாப்பாவுக்கு அந்தப் படத்தைக் கண்டாலே கூச்சம். அவளுடைய உண்மையான படங்கள் கறுப்பு அட்டை ஸ்கெட்ச் புத்தகங்களில் இருந்தன, பதினோரு புத்தகங்கள். ஞாயிற்றுக்கிழமை பங்சார் பாசார் மாலாமில் அப்பம் பாலிக் சுடுகிற அண்ணனின் முதுகு. எல்.ஆர்.டி. நிலையத்தில் நின்றுகொண்டே தூங்கும் பாதுகாவலர். வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் இலையை மடித்து எடுக்கிற ஆள், பின்னாலிருந்து. பாட்டியின் குதிகால்கள், வெடிப்போடு. பெரும்பாலும் எல்லோருமே திரும்பி நிற்கிறார்கள். "ஏன்டா எல்லாம் முதுகா இருக்கு?" என்று கேட்டேன். "முன்னாடி போனா பார்த்துர்றாங்க சித்தி" என்றாள்.

தமிழர்கள் கலைக்குக் காசு செலவழிப்பதில்லை என்று சிலர் புலம்புவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. செலவழிக்கிறோம், கடன் வாங்கியாவது. பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் 1981-இல் தொடங்கியது. ராம்லி இப்ராஹிம் 1983-இல் சூத்ராவைத் தொடங்கினார். இவை தவிர வீட்டு முன்கூடத்தில் தட்டுக்கழியோடு உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கும் ஆசிரியைகள் ஒவ்வொரு தாமானிலும் இருக்கிறார்கள். பிள்ளைகளை ஐந்து வயதிலேயே கொண்டுபோய்ச் சேர்க்கிறோம். அரங்கேற்றம் என்று வந்துவிட்டால் மண்டபம், பக்கவாத்தியம், பட்டு, நகை, சாப்பாடு எல்லாம் சேர்த்து ஒரு சின்னக் கல்யாணச் செலவு. அந்தச் செலவை யாரும் 'வீண்' என்று சொல்வதில்லை. ஏன் என்றால் அரங்கேற்றத்துக்கு ஒரு முடிவு உண்டு. மேடை ஏறி, மாலை வாங்கி, ஆல்பம் போட்டு முடிந்ததும் பிள்ளை வழக்கமான பாதைக்குத் திரும்பிவிடும் என்று எல்லோருக்கும் தெரியும். கலை வாழ்க்கைக்கு ஓர் அலங்காரமாக இருக்கிறவரை நாம் தாராளமானவர்கள். ஒரு பிள்ளை அதையே வாழ்க்கையாக எடுத்துக்கொள்கிறேன் என்றால்தான் கணக்குப் புத்தகத்தைத் திறக்கிறோம்.

இதை அக்காவிடம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை, அவளே ஆடினவள் என்பதால். பத்தொன்பது வயதில் அவளுக்கு அரங்கேற்றம். தாத்தா சேமிப்பில் பாதி அன்றைக்கே போயிற்று. அன்று அவள் ஆடியதை நான் முதல் வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன். அதற்குப் பிறகு அப்படி ஒரு மனிதரை நான் பார்த்ததில்லை. அடுத்த வருடம் வேலை, அதற்கடுத்து கல்யாணம். சலங்கை மாடியில் தையல் மெஷினுக்குப் பின்னால் ஒரு மைலோ டின்னில் இருக்கிறது.

ஓர் இரவு பாத்திரம் கழுவிக்கொண்டே அவள்தான் பேச்சை எடுத்தாள். "நான் வேண்டாம்னு சொல்றது காசுக்குன்னு நினைக்கிறியா? எனக்கு ஆட்டம் எவ்வளவு பிடிக்கும்னு உனக்குத் தெரியும். அதை எடுத்து டின்ல போட்டு மூட எனக்கு எத்தனை வருஷம் ஆச்சுன்னு உனக்குத் தெரியாது. இவ காலேஜ் போயி, இன்னும் ஆசையை வளர்த்துக்கிட்டு, அப்புறம் டிக்கெட் கவுண்டர்ல உட்காரணுமா? இப்பவே விட்டுட்டா வலி கம்மி."

எதிர்ப்பு என்றால் நான் எதிர்பார்த்தது வேறு மாதிரி. இதற்கு என்னிடம் பதில் இல்லை. இப்போதும் இருக்கிறதா என்று தெரியவில்லை.

மாமாவின் வாதம் எளிது. "லாட் எந்தக் காலேஜுல படிச்சாரு? திறமை இருந்தா தானா வரும்." லாட்டை அவர் சும்மா இழுக்கவில்லை. லாட் கார்ட்டூன் போட்ட நியூ ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் கட்டடம் எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில், ஜாலான் ரியோங்கில் இருந்தது. அந்தப் பத்திரிகைக் குழுமத்தில் குற்றச் செய்தி நிருபராக இருந்து 1974-இல் கார்ட்டூனிஸ்ட் ஆனவர் அவர். கார்ட்டூனிஸ்ட் ஆகும்வரை அவர் ஓவியக் கல்லூரி எதிலும் படிக்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் கதையில் பாதியைத்தான் மாமா சொல்கிறார். லாட்டின் முதல் படக்கதைப் புத்தகம் 1964-இல் வந்தபோது அவருக்கு வயது பதின்மூன்று. அப்போதே அவர் படத்தை வாங்கிப் பார்த்துக் காசு கொடுக்க ஒரு பதிப்பாளர் இருந்தார். ரெஜப்ஹாட் என்ற மூத்த கார்ட்டூனிஸ்ட் கடிதம் வழியாக அவருக்கு வழிகாட்டினார். பிறகு ஒரு முழுச் செய்தி அறை. 'தானா' வரவில்லை. பையன் வரைந்ததை எடுத்துப் பார்த்து, இது சரி, இது சரியில்லை என்று சொல்ல ஆட்கள் வரிசையாக இருந்தார்கள். பாப்பாவின் பதினோரு புத்தகங்களை அதுவரை முழுதாகப் புரட்டிப் பார்த்த ஆள் நான் ஒருத்தி. நானும் "நல்லா இருக்குடா" என்பதற்கு மேல் எதுவும் சொல்லத் தெரியாதவள். காலேஜ் என்பது இந்த இடத்தை நிரப்பத்தான் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றியது. டிப்ளோமா, கட்டடம், ஐமேக் எல்லாம் அப்புறம்.

சரி, எங்கே போவது?

மெட்ரிக்குலேஷனை முதலிலேயே அடித்துவிடலாம். ஒவ்வொரு வருடமும் நம் பத்திரிகைகளின் முதல் பக்கத்தை நிரப்புகிற விவகாரம் அது. பூமிபுத்ரா அல்லாதவர்களுக்கு ஒதுக்கிய பத்து விழுக்காட்டில் நம் பிள்ளைகளுக்கு எத்தனை இடம் என்ற சண்டை. நியாயமான சண்டைதான். ஆனால் மெட்ரிக்கில் இருப்பது அறிவியல், கணக்கியல், பொறியியல் சார்ந்த பிரிவுகள். வரைகிற பிள்ளைக்கு அங்கே நாற்காலியே கிடையாது. நம்மவர்கள் கட்டிய பல்கலைக்கழகமான ஏம்ஸ்ட்டின் பெயரை விரித்துப் பாருங்கள், மருத்துவம், அறிவியல், தொழில்நுட்பம். ஒரு சமூகம் தன் பிள்ளைகள் என்னவாக வேண்டும் என்று கனவு கண்டதோ அதைப் பெயரிலேயே எழுதி வைத்திருக்கிறது.

ஆறாம் படிவம் மலிவான வழி. எஸ்.டி.பி.எம்.மில் காட்சிக்கலை ஒரு பாடமாக இருக்கிறது. நல்ல மதிப்பெண் எடுத்தால் பினாங்கு யூ.எஸ்.எம்., தஞ்சோங் மாலிம் உப்சி, சரவாக் யூனிமாஸ் போன்ற அரசுப் பல்கலைக்கழகங்களின் கலைத் துறைகளுக்கு விண்ணப்பிக்கலாம். சிக்கல் என்னவென்றால் எல்லாப் பள்ளியும் அந்தப் பாடத்தை நடத்துவதில்லை. நாங்கள் விசாரித்த இரண்டு பள்ளிகளில் இல்லை. இன்னொன்றும் இருந்தது. பாப்பாவை அவள் இடைநிலைப்பள்ளியில் அறிவியல் பிரிவில் போட்டுவிட்டதால் எஸ்.பி.எம்.மிலேயே அவள் ஓவியப் பாடம் எடுக்கவில்லை. மதிப்பெண் நன்றாக இருந்தது குற்றமாகிப்போன கதை இது. மூன்று ஏ வாங்கும் பிள்ளைக்கு ஓவியம், எட்டு ஏ வாங்கும் பிள்ளைக்கு இயற்பியல் என்று பள்ளிகளில் எழுதாத ஒரு சட்டம் இருக்கிறது.

1967 என்ற வருடத்தை இங்கே சொல்லியாக வேண்டும். அந்த ஒரே வருடத்தில்தான் இந்த நாட்டில் இரண்டு பெரிய ஓவியப் பள்ளிகள் பிறந்தன. ஒன்று மாரா தொழில்நுட்பக் கழகத்தின் கலை வடிவமைப்புத் துறை, இன்றைய யூ.ஐ.டி.எம். அதில் பூமிபுத்ராக்கள் மட்டும்தான் சேர முடியும். இன்னொன்று மலேசியன் இன்ஸ்டிடியூட் ஆஃப் ஆர்ட். அதைத் தொடங்கிய சுங் சென் சுன், சிங்கப்பூர் நன்யாங் அகாடமியில் படித்தவர். அந்த மரபு அங்கிருந்து வந்தது. அடுத்தடுத்து வந்த தனியார் ஓவியக் கல்லூரிகள் பலவற்றையும் சீன ஓவியர்களே தொடங்கினார்கள். பெரும்பாலான மாணவர்களும் சீனர்களே. இதில் யாரையும் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. வேண்டும் என்று நினைத்தவர்கள் கட்டிக்கொண்டார்கள். நாம் பரதநாட்டியத்துக்குக் கட்டினோம், ஓவியத்துக்குக் கட்டவில்லை.

அப்படியானால் அந்தக் காலத்துத் தமிழ்ப் பிள்ளை என்ன செய்தது? சையத் தாஜுதீன் மெட்ராஸுக்குப் போனார். 1943-இல் ராமநாதபுரம் பக்கம் அழகன்குளத்தில் பிறந்து பினாங்கில் வளர்ந்தவர். அறுபதுகளின் பிற்பகுதியில் சென்னை அரசு ஓவியக் கல்லூரியில் சேர்ந்து பல வருடங்கள் படித்துவிட்டுத் திரும்பினார். அது 1850-இல் தொடங்கிய கல்லூரி. கே.சி.எஸ். பணிக்கர் முதல்வராக இருந்த இடம். அவரும் அவர் மாணவர்களும் 1966-இல் சோழமண்டலம் கிராமத்தை அமைத்ததும், பாத்திக் போன்ற கைவினைப் பொருள்களை விற்று அதற்குக் காசு சேர்த்ததும் நம் வாசகர்கள் பலருக்குத் தெரிந்திருக்கும். இன்று தாஜுதீனின் பெரிய பெரிய கேன்வாஸ்களைப் பார்க்கிற எவரும் அந்த வண்ணங்களில் மெட்ராஸும் மலாய் இலக்கியமும் கலந்திருப்பதைக் காண முடியும். அடுத்த தலைமுறையில் ஜொகூர் பாருவில் பிறந்த அனுரேந்திரா ஜெகதேவா இங்கிலாந்தில் ஓவியமும் சட்டமும் இரண்டுமே படித்தார். கடல் தாண்டித்தான் ஆக வேண்டும் என்பதுபோல.

பாப்பாவிடம் சென்னையைப் பற்றிச் சொன்னேன். ஒரு நாள் முழுக்க இணையத்தில் தேடினாள். பிறகு, "நான் வரையிற ஆளுங்கல்லாம் இங்கதான இருக்காங்க" என்றாள். பதினேழு வயதுக்கு அது போதுமான காரணம் என்று விட்டுவிட்டேன். பாட்டியைத் தனியாக விட்டுப் போவதும் அதற்குள் இருந்தது, அதை அவள் சொல்லவில்லை.

அரசாங்கத்தின் அஸ்வாராவும் பட்டியலில் இருந்தது. 1994-இல் தொடங்கிய தேசியக் கலை அகாடமி. மலாய் மாணவர்கள் அங்கே நடனத் துறையில் பரதநாட்டியம் கற்கிறார்கள் என்று சொன்னபோது அக்கா முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தாள். விண்ணப்பத்தைப் போட்டு வைத்தோம். அதற்கிடையே தனியார் கல்லூரிகளைப் பார்க்கப் புறப்பட்டோம். பெயர்கள் வேண்டாம். கல்லூரிகள் ஆசிரியர்களோடு மாறிக்கொண்டே இருக்கும், இன்று நான் சொல்வது இரண்டு வருடத்தில் பொய்யாகலாம்.

முதலில் போனது பெரிய இடம். கண்ணாடிக் கட்டடம், கீழே காப்பிக் கடை, ஹாலிவுட் படத்தில் வேலை பார்த்த முன்னாள் மாணவர்களின் ஆளுயரப் படங்கள். கவுன்சலர் என்ற இளைஞர் நன்றாகத்தான் பேசினார். நாற்பது நிமிடம் பேசினார். பாப்பா மடியில் வைத்திருந்த ஸ்கெட்ச் புத்தகத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "இந்த வாரத்துக்குள்ள பதிஞ்சா ரெண்டாயிரம் கழிவு" என்றார். அவர் வேலை அது. நானும் விளம்பரத் துறையில்தான் இருக்கிறேன், அந்தக் குரல் எனக்குத் தெரியும். ஃபவுண்டேஷன் ஒரு வருடம், பட்டம் மூன்று வருடம், மொத்தம் தொண்ணூறாயிரம் வெள்ளிக்கு மேல். மடிக்கணினி தனி.

இரண்டாவது இடத்தில் இறுதியாண்டு மாணவர்களின் கண்காட்சி நடந்துகொண்டிருந்தது. கல்லூரி தேடுகிற யாருக்கும் நான் சொல்வது இது ஒன்றுதான். ஓப்பன் டேக்குப் போகாதீர்கள், இறுதியாண்டுக் கண்காட்சிக்குப் போங்கள். ஓப்பன் டேயில் கல்லூரி தன்னைக் காட்டுகிறது, கண்காட்சியில் மாட்டிக்கொள்கிறது. அங்கே இருபது மாணவர்களின் படங்கள் தொங்கின. பெரிய கண், பறக்கும் முடி, பின்னால் ஊதா நிற நகரம். திறமை இல்லை என்று சொல்ல மாட்டேன், ஒவ்வொன்றும் மெருகாக இருந்தது. பெயர் அட்டைகளை மாற்றி ஒட்டினாலும் யாருக்கும் தெரியாது. பாப்பா ஒரு சுற்று சுற்றிவிட்டு, "எல்லாரும் ஒரே ஆள் மாதிரி இருக்காங்க சித்தி" என்று காதில் சொன்னாள்.

இன்னொன்றும் நடந்தது. சுற்றிக்காட்டிய மாணவி மற்றப் பெற்றோர்களிடம் மாண்டரினில் பேசிக்கொண்டே போனாள். எங்களைக் கண்டதும் பதறிப்போய் ஆங்கிலத்துக்கு மாறினாள். இரண்டு நிமிடத்தில் மறுபடி மாண்டரின். வேண்டுமென்று செய்யவில்லை, வாய்ப்பழக்கம். காரில் பாப்பாவிடம் கேட்டேன், இது பரவாயில்லையா என்று. "ஸ்கூல்ல மலாய்க்காரங்க நடுவுல ஒருத்தி, இங்க சீனவங்க நடுவுல ஒருத்தி. எங்க போனாலும் ஒருத்திதான். ஆனா மூணு வருஷம் யாரும் என்கிட்ட படத்தைப் பத்திப் பேசலைன்னாதான் கஷ்டம்" என்றாள். அவளுக்கு என்ன வேண்டும் என்று என்னைவிடத் தெளிவாகத் தெரிந்திருந்தது.

அதிலிருந்து நாங்கள் கேட்கிற கேள்விகளை மாற்றிக்கொண்டோம். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் ஆளை உட்காரவைத்து வரைகிறார்கள்? சொல்லிக்கொடுப்பவர்கள் இன்னமும் சொந்தமாக வரைகிறார்களா, கடைசியாக எங்கே காட்சிக்கு வைத்தார்கள்? வகுப்பு முடிந்த பிறகு ஸ்டூடியோ திறந்திருக்குமா, பூட்டிவிடுவார்களா? முதல் வருடம் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் மூன்றாம் வருடம் வரை வருகிறார்கள்? கடைசிக் கேள்விக்குச் சில இடங்களில் புன்னகைதான் பதிலாகக் கிடைத்தது.

நடுவில் ஓர் அண்ணன் உறவுக்காரர் ஃபோன் செய்து, "இனிமே எல்லாம் ஏ.ஐ. வரைஞ்சிடும், எதுக்கு இதெல்லாம்" என்றார். என் ஸ்டூடியோவில் என்ன நடக்கிறது என்று அவருக்குச் சொன்னேன். பின்னணியை வெட்டி எடுக்கிற வேலைக்கு முன்பு இரண்டு பேர் இருந்தார்கள், இப்போது இல்லை. அது நிஜம். ஆனால் மெஷின் கொடுத்த படத்தில் எங்கே தப்பு என்று சொல்ல ஆள் கேட்கிறார்கள், கிடைப்பதில்லை. அவர் சமாதானமாகவில்லை. அவர் மகன் அக்கவுண்டிங் படிக்கிறான். அதையும் ஏ.ஐ. செய்யும் என்று நான் சொல்லவில்லை.

மூன்றாவதாகப் போன கல்லூரி கடைவீட்டு வரிசையில் இருந்தது. லிஃப்ட் வேலை செய்யவில்லை. படிக்கட்டெல்லாம் டர்பன்டைன் வாசனை. அக்கா அன்றைக்கு லீவு போட்டு வந்திருந்தாள். இடத்தைப் பார்த்ததும் முகம் சுருங்கிவிட்டது. எஸ்.பி.எம்.மில் ஓவியம் இல்லாததால் படங்களைப் பார்த்துத்தான் முடிவு சொல்வோம் என்றார்கள். ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு சீன ஆசிரியை வந்து உட்கார்ந்தார். நாங்கள் தேர்ந்தெடுத்து ஒட்டிக்கொண்டு போன பதினைந்து படங்களை ஓரமாகத் தள்ளிவிட்டு, "ஸ்கெட்ச் புத்தகம் இருக்கிறதா?" என்று மலாயில் கேட்டார். பாப்பா மூன்றைக் கொடுத்தாள். அவர் பேசாமல் புரட்டினார். கால் மணி நேரம் இருக்கும். அக்கா என்னைப் பார்த்தாள், நான் சுவரைப் பார்த்தேன்.

அப்பம் பாலிக் அண்ணன் வந்ததும் நிறுத்தினார். "இந்த முதுகை நீ பார்த்து வரைந்திருக்கிறாய். இந்தக் கையைப் பார்க்கவில்லை, வீட்டுக்குப் போய் யோசித்துப் போட்டிருக்கிறாய்." பாப்பாவின் காது சிவந்துவிட்டது. ஆமாம் என்றாள். இன்னும் கொஞ்சம் புரட்டிவிட்டு, "ஏன் எல்லோரும் திரும்பி நிற்கிறார்கள்?" பாப்பா என்னிடம் சொன்னதையே சொன்னாள். ஆசிரியை சிரிக்கவில்லை. "பத்துப் பேரிடம் போய்க் கேட்டு, எதிரில் உட்கார்ந்து வரைந்துகொண்டு வா. முடியாது என்பவர்களை விட்டுவிடு. இரண்டு வாரம் கழித்துப் பேசலாம்."

இறங்கும்போது படிக்கட்டில் அக்கா, "இன்னும் சேர்க்கவே இல்ல, அதுக்குள்ள ஹோம்வொர்க்கா" என்றாள். குரலில் எரிச்சல் இல்லை.

அந்த இரண்டு வாரம் வீடு வேறு மாதிரி ஆனது. வாழையிலைக் கடைக்காரர் "எவ்ளோ காசு தரணும்?" என்று கேட்டார். இலவசம் என்றதும் நம்பவில்லை. எல்.ஆர்.டி. பாதுகாவலர் நேபாளி, படத்தை ஃபோனில் பிடித்து ஊருக்கு அனுப்பினார். பிரிக்பீல்ட்ஸில் பூ கட்டும் அம்மா ஒருவர் "மூக்கை மட்டும் கொஞ்சம் சின்னதாப் போடும்மா" என்றார், பாப்பா அப்படியேதான் போட்டாள். மூன்று பேர் விரட்டினார்கள். ஒன்பது பேர் ஆகிவிட்டது, பத்தாவதுக்கு ஆள் இல்லை. கடைசி இரவு அக்கா சமையலறை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "சீக்கிரம் முடி, காலையில வேலை" என்றாள். நாற்பது நிமிடம். ஒரு விரல் அசையவில்லை, முதுகு சாயவில்லை. மற்ற ஒன்பது பேரும் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை நெளிந்தவர்கள். அக்காவுக்கு மட்டும் எப்படி முடிந்தது என்று மாமா ஆச்சரியப்பட்டார். அவர் அவள் ஆடிப் பார்த்ததில்லை.

பணக் கணக்கைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும். மூன்று வருட டிப்ளோமாவுக்கு நாற்பதாயிரத்தை ஒட்டி வந்தது. படங்களைப் பார்த்துக் கொஞ்சம் கழித்தார்கள். பி.டி.பி.டி.என். கடன் ஒரு பகுதியை ஏற்கும். ஒரு விழுக்காடு கட்டணம்தான் என்றாலும் கடன் கடன்தான், படித்து முடித்ததும் பாப்பா பெயரில் நிற்கும். மீதிக்கு மாமா தன் ஈ.பி.எஃப்.பில் பிள்ளைகளின் கல்விக்கு எடுக்கலாம் என்ற ஏற்பாட்டைப் பயன்படுத்தினார். தாள், சாயம், பிரஷ் என் பொறுப்பு. முடித்த பிறகு முதல் வேலையில் என்ன கிடைக்கும் என்று அக்கா கேட்டபோது, நான் தொடங்கியபோது 1,600 வெள்ளி என்று உள்ளதைச் சொன்னேன். தொண்ணூறாயிரத்தை அந்தச் சம்பளத்தில் வைத்து அடைக்க முடியாது, இதை முயற்சி செய்யலாம். வரைகிற பிள்ளைக்குப் பெரிய கடன் என்பது கையைக் கட்டிப்போடுவது. கிடைத்த முதல் வேலையை விட முடியாமல் பத்து வருடம் உட்கார்ந்துவிட்டவர்களை என் ஸ்டூடியோவிலேயே பார்க்கிறேன். அஸ்வாராவிலிருந்து நேர்முகத்துக்கு அழைப்பு வந்த நாளில் பாப்பா கடைவீட்டுக் கல்லூரியில் பதிந்துவிட்டிருந்தாள். அதில் எனக்குச் சின்ன வருத்தம் உண்டு, அது இன்னும் மலிவு. ஆனால் முடிவு அவளுடையது.

அக்கா சம்மதம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. பதிவுக்கு முந்தின நாள் ஏ2 அளவுப் பையை வாங்கி வந்து, அது எல்.ஆர்.டி. கேட்டில் நுழையுமா என்று டேப் வைத்து அளந்துகொண்டிருந்தாள்.

வகுப்பு தொடங்கி முதல் மூன்று வாரம் நாற்காலிதான் வரைந்தார்களாம். ஒரே நாற்காலி, மேசைமேல் கவிழ்த்து வைத்தது. கரித்துண்டில், பெரிய தாளில். மாமாவுக்குத் தாங்கவில்லை. "நாற்காலிக்கா ஈ.பி.எஃப்.பைத் திறந்தேன்?" என்று என்னிடம் ஃபோனில் கேட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது பாப்பா தாள்களைக் கூடத்தில் பரப்பி வைத்திருந்தாள், உள்ளங்கையெல்லாம் கறுப்பு. நடிகர் படம் அதே சுவரில் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது.

அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தவள் எழுந்து வந்து கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள்.

"இந்தக் கால் குட்டையா இருக்கே" என்றாள்.

பாப்பா அந்தத் தாளை எடுத்துச் சன்னலோரம் கொண்டுபோனாள். தூரத்தில் பிடித்துப் பார்த்தாள், கிட்டத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"ஆமாம்மா" என்று சொல்லி ரப்பரைத் தேடினாள்.